நாகமலையில் ஒரு மௌன விரதம்

ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறப்பதில்லை என்று நான் தீர்மானம் செய்ததற்குக் காரணம் பக்தி அல்ல. என் மனைவியின் அண்ணன் மொக்கையன்.

வாரத்தில் ஆறு நாள் எனக்கு மில் ஆபீஸ். இயந்திர இரைச்சலுக்கு நடுவே கணக்கு. ஏழாம் நாள் விடியலில் நாகமலை அடிவாரம். பாதித் தூரம் குதிரை வண்டி, மீதி நடை. அங்கே ஆவாரஞ்செடி மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். கள்ளிப் புதருக்குள் கீரி நுழையும். பாறையில் அசையாமல் உட்கார்ந்தால், கொண்டலாத்திக் குருவி கொண்டையை விரித்துக்கொண்டு காலடி வரை வந்து மேயும். நான் அதை ஒன்றும் கேட்பதில்லை. அதுவும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. கல்யாணமானவனுக்கு இப்படி ஓர் உறவு அமைவது அரிது.

இந்த நிலையில்தான் பேரையூரிலிருந்து மச்சான் வந்து இறங்கினார். ஒரு வரப்புத் தகராறு. மதுரைக் கோர்ட்டில் வழக்கு. அது முடிகிறவரை எங்கள் வீட்டில் ஜாகை.

"அண்ணனையும் மலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி செல்லத்தாய்.

கூட்டிப் போனேன். வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அவர் கையை வீசி விளக்கிய குரலில், நாகமலை மயில்கள் அடுத்த தாலுகாவுக்குக் குடிபோய்விட்டன.

எங்கள் தெருவுக்குக் கதர் விற்க வருகிற கல்லுப்பட்டிக்காரர் விரதமாக வாரத்தில் ஒருநாள் பேசமாட்டார். எனக்கு யோசனை பிறந்தது. சனிக்கிழமை அறிவித்தேன்.

"இனிமே ஞாயிறு பூரா எனக்கு மௌன விரதம். மச்சான் வந்தா சுவத்துக்கிட்டப் பேசுன மாதிரி இருக்கும். பாவம், மனசு நோகும்."

"நல்ல காரியமுங்க" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு லலிதாம்பாளிடமும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் தெரு என்னை மகானாக்கிவிட்டது. எண்ணெய்க் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். இனி விரதத்தை முறித்தால் ஊர் சிரிக்கும்.

மறுநாள் விடியலில் கதவைத் திறந்தால் வாசலில் குதிரை வண்டி. உள்ளே மச்சான், லலிதாம்பாள், சோற்றுத் தூக்கு, செல்லத்தாய்.

"நாங்களும் வாரோம். சம்மதமில்லைன்னா சொல்லிருங்க."

தலையை ஆட்டினேன். இரண்டு கையையும் ஆட்டினேன்.

"ஏன் லலிதாம்மா, சாடை காட்டுனா விரதம் கெட்டுருமாமே?"

"ஆமா. கதர்க்காரர் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாரு."

"அப்ப ஆட்டாதீங்க."

கையைக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

அன்று அடிவாரம் வரைக்கும் வண்டி. வழியெல்லாம் வரப்பு. "மாப்ள, இப்பிடி ஒரு ஆளத்தான் இம்புட்டு நாளா தேடுனேன். எங்க வக்கீல்கூடக் குறுக்கப் பேசுறான்!" என்று மச்சான் என் தொடையில் ஓங்கி அடித்தார். வலித்தது. அதையும் சொல்ல முடியவில்லை.

அடிவாரத்தில் என்னையும் அவரையும் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, பெண்கள் இருவரும் பாறைப் பக்கம் போனார்கள். வெயில் ஏறிய பிறகே திரும்பினார்கள். செல்லத்தாயின் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடக் காணாத நிம்மதி.

"எம்புட்டு அமைதி! கொண்டைய விரிச்சுக்கிட்டு ஒரு குருவி காலுகிட்ட வந்து மேஞ்சுச்சுங்க. பொறந்ததுலேருந்து எங்கண்ணன் பேச்சக் கேட்ட காது. இன்னைக்குத்தான் அதுக்கு லீவு."

அப்புறம் லலிதாம்பாளைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இனி ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் மலைக்கு வாரோம். நீங்க வீட்ல அண்ணனுக்குத் துணையா இருங்க. ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வண்டிக் குதிரைகூடப் பார்த்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. நாகமலையில் இந்த வாரம் என்ன பூத்திருக்கிறது என்பதைச் செல்லத்தாய் வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.