மூன்று மணி நேர வேலையை முக்கால் மணியில் முடித்த கதை

எண்பதுகளில், கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அதைச் செய்தவனுக்கே தெரியாது என்று நான் மனதார நம்பினேன். (ஆறு மாத வகுப்பு, ஒரு சான்றிதழ், கழுத்தில் டை. வேறென்ன வேண்டும்?)

ஈப்போ நகரில், பல ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியில் ஆபரேட்டர் வேலை. தொழிலாளர்கள் அத்தனை பேரின் விவரமும் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. கரண்ட் போய் வந்தால் போதும், அது தன் பதிவேட்டை முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்துவிடும். எட்டுக் கிராணிமார், அதாவது குமாஸ்தாக்கள், அதோடு இணைத்த எட்டுத் திரைகளில் தட்டிக்கொண்டே இருக்கும் நெரிசலில், அடுக்கி முடிக்க மூன்று மணி நேரமாகும்.

அன்று காலை கரண்ட் போய் வந்தது. தாப்பா பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மதியத்துக்குள் பெயர்ப்பட்டியல் போயாக வேண்டும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள். பட்டியலில் இருப்பவருக்குத்தான் புது வீடு. அங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவும் அந்த வீட்டுக்காகக் காத்திருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்கண்ணே. முடிச்சிக் காட்டுறேன்," என்றேன், மேலாளர் சற்குணம் அண்ணனிடம்.

"எப்பவும் போல ஓடட்டும்லா. சும்மா இரு."

"நம்புங்கண்ணே!"

முதலில் கிராணிமாரை தே தாரிக் குடிக்க விரட்டினேன். கம்ப்யூட்டர் மூச்சு விட்டது. பிறகு விவரங்களைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தி, அந்த வரிசையிலேயே அடுக்க விட்டேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. அத்துடன் நிறுத்தியிருந்தால் இன்று நான் ஒரு மேதை. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை நீக்கிவிடும் வசதியும் இருந்தது. அதையும் தட்டிவிட்டேன். அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டால் நேரமாகும் என்று, தோட்டத்தையும் பெயரையும் மட்டும் ஒப்பிடச் சொன்னேன்.

முக்கால் மணி நேரம்! பட்டியல் ஒல்லியாக வந்தது. காகிதமும் மிச்சம் என்ற பெருமையோடு கம்பெனி வேனில் அனுப்பினேன்.

"கெட்டிக்காரன்லா நீ!" சற்குணம் அண்ணன் முதுகில் தட்டினார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

இரண்டு மணிக்குத் தோட்டத்துக் கிராணி போன் செய்தார்.

"தம்பி, லிஸ்ட்ல ஒரே ஒரு முனியாண்டிதான் இருக்கு. இங்க ஆபீஸ் வாசல்ல பதினோரு முனியாண்டி நிக்கிறாங்க. அந்த ஒருத்தன் யாருன்னு சண்டை!"

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு அவ்வளவு மவுசு. ஆண் பிள்ளை பிறந்தால் வேறு பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வராது. (அப்பாவுக்கு அந்தப் பெயர் இருந்ததால் நான் தப்பினேன்.) அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். டை கட்டியதும் மறந்துவிட்டது.

"ஒங்கப்பாவும் நிக்கிறாரு. பேசுறீங்களா?"

"வேணாங்க."

முந்தின நாள் நகலெடுத்துவைத்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, எப்போதும் போல மூன்று மணி நேரம் ஓட விட்டார்கள். நான் எதையும் தொடாதபடி சற்குணம் அண்ணன் என்னை நாற்காலியோடு வெளியே உட்கார வைத்தார். சாயங்காலம் அதே வேனில் சரியான பட்டியல் போனது. பதினோரு முனியாண்டிகளுக்கும் வீடு கிடைத்தது. எனக்கு இன்னும் ஆறு மாதம் தற்காலிக வேலை கிடைத்தது.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. கிளினிக்குக்கு நேரமாகிறதே என்று நான் காரில் ஹாரன் அடித்தால், சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டபடி வாசலுக்கு வருவார்.

"அவசரப்படாதடா. போன வாட்டி நீ அவசரப்பட்டப்பத்தான் நான் ஆளே இல்லாமப் போனேன்."