தாச்சி அண்ணையின் ஹனுக்கா அடுப்பு

லண்டனில் கொதிக்கும் எண்ணெய்க்குப் பயப்படாதவர்கள் பலர் இருக்கலாம். எண்ணெயே பயப்படுகிற ஒரே மனிதர் தாச்சி அண்ணைதான்.

ஜெர்மனியில் பொரித்தது போதாதென்று லண்டனின் ஹென்டன் பகுதிக்கு வந்து, யூத முதியோர் இல்லமொன்றில் சமையல்காரர் ஆனவர். நான் அவருக்குக் கீழே பாத்திரம் கழுவும் பட்டதாரி. எண்ணெயின் சூடு பார்க்கக் கருவி இருந்தும், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பொரிக்கும் சட்டியான தாச்சிப் பக்கம் காதைச் சாய்ப்பார். "இன்னும் பொய் சொல்லுது" என்பார். கொஞ்ச நேரத்தில், "இப்ப உண்மை. போடு!"

ஹனுக்கா வந்தால் மனிதருக்குச் சாமி வந்தமாதிரிச் சன்னதம். முன்னொரு காலம் எருசலேம் ஆலய விளக்கில் ஒருநாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அந்த நினைவில் யூதர்கள் பொரித்த பண்டமாகச் சாப்பிடுகிற திருநாள். ஜாம் அடைத்த டோனட். துருவிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிப் பொரித்த லட்கே. புது மனேஜர் அம்மா, லட்கேயை ஓவனில் சுட்டால் உடம்புக்கு நல்லது என்றார்.

"எண்ணெயாலை வந்த திருநாளை ஓவனுக்குள்ளை வைச்சு அடக்கம் செய்யப்போறாவோ?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

"யோசிக்கிறாராம்" என்று மனேஜருக்கு மொழிபெயர்த்தேன்.

யூத உணவு விதிப்படி, அந்தச் சமையலறையில் அடுப்பை ஒரு யூதர்தான் பற்றவைக்க வேண்டும். அதற்கென்றே உள்ள மேற்பார்வையாளர், ஹனுக்காவின் முதல் நாள் மாலை, வழியில் நின்றுவிட்ட ரயிலுக்குள். இங்கே துருவிய கிழங்கு கறுக்கத் தொடங்கிவிட்டது. மண்டபத்தில் முதியவர்கள் பசியோடு காத்திருந்தார்கள்.

"அண்ணை, லைட்டர் என்னட்டை இருக்கு. தட்டிவிடட்டே? ஆர் பாக்கப்போகினம்?"

"ஐயர் பிந்தினால் நீ மூலஸ்தானத்துக்குள்ளை போய்ப் பூசை செய்வியோ?"

கடைசியில் மேற்பார்வையாளரே போனில் வழி சொன்னார்: இல்லத்து யூதர் யார் பற்றவைத்தாலும் சரி. அண்ணை போய்க் கேட்க, மண்டபமே கை தூக்கியது. தூக்காதவர் ரூத் அம்மா மட்டும். கணவர் போய்ச் சேர்ந்தபிறகு எந்தத் திருநாளிலும் வாய் திறவாதவர். அண்ணை அவருடைய சக்கர நாற்காலியைத்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏன் இவ?"

"மற்றவை வந்தால் கதைச்சுக்கொண்டு நிப்பினம். இவ பேசாமல் கொளுத்திப்போட்டுப் போயிடுவா."

ரூத் அம்மா பற்றவைத்தார். போகவில்லை. கிழங்கைக் கிள்ளிப் பார்த்தார்.

"இதைப் பிழிந்தாயா? இது நீச்சல்குளம்! வெங்காயம் எங்கே? என் அம்மா பார்த்தால் உன்னை வீட்டைவிட்டே துரத்துவாள்!"

பல வருட மௌனம் மொத்தமாக உடைந்து கொட்டியது. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். சுகாதார அதிகாரியையே தாச்சிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியவர் அண்ணை.

அவர் தன் ஏப்ரனைக் கழற்றி ரூத் அம்மாவின் மடியில் விரித்தார். கிழங்கை மறுபடி பிழிந்தார். வெங்காயம் துருவினார். ரூத் அம்மா தலையாட்டியபிறகே எண்ணெயில் போட்டார்.

முதல் லட்கேயைக் கடித்த ரூத் அம்மா, "பரவாயில்லை" என்றார், இரண்டாவதுக்குக் கை நீட்டியபடி.

அன்றிலிருந்து தாச்சி அண்ணையை யாராவது விசரன், பைத்தியம் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படிச் சொல்லும் உரிமை லண்டனில் எனக்கு மட்டும்தான்.