பன்னிரண்டாம் உறுப்புரையும் என் அக்காவும்

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு அறிவு கூடிவிட்டதாகத் தோன்றும். இருபத்தைந்து வயதில் அந்த வியாதி முற்றியிருந்தது. புதிதாக ஆசிரியர் வேலை கிடைத்த நேரம் அது. (எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் முதல் ஆசிரியர் நான். இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

பதுளையில் ஒரு மண்டபத்தில் கலந்துரையாடல் நடந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று உறுதிசெய்ய அரசியலமைப்பில் புதிய திருத்தம் வேண்டுமா என்பது தலைப்பு. "தேவையில்லை" என்ற பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன். என் பேச்சைக் கேட்க எங்கள் ஊரான நமுனுகுலவிலிருந்து அக்காவையும் கூட்டிப்போனேன். கொழுந்து பறிக்கப் போகாமல், என் சட்டைக்கு அயர்ன் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் வந்தாள்.

"அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையிலேயே பால் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது! பிறகு எதற்குத் திருத்தம்?" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். அதோடு இறங்கியிருக்கலாம். "இதோ முன்வரிசையில் என் அக்கா. எங்கள் வீட்டில் ஆண், பெண் என்று வித்தியாசம் பார்த்ததே இல்லை!" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் வேலை பார்க்கும் பெண் டொக்டர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, உங்கட அக்கா எதுவரைக்கும் படிச்சவா?"

"சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்" என்றேன், யோசிக்காமல். அக்கா மெல்லத் தலையாட்டி மறுத்தாள். "அக்கா, பத்தா, பதினொண்ணா?" என்று ரகசியமாகக் கேட்டேன். மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"எட்டு, தம்பி."

மண்டபம் சிரித்தது. டொக்டர் சிரிக்கவில்லை. "ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று அக்காவிடமே கேட்டார்.

என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அக்கா எழுந்து நின்றாள். "அம்மா விடியக்காலையில மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருவாங்க. இவன் ஆறு மணி பஸ்ஸுல பதுளைக்குப் படிக்க வரணும். இவனுக்குச் சோறாக்க ஆள் வேணும்ல? ஆனா இவன் நல்ல புள்ளைங்க. சட்டமெல்லாம் தெரியும்."

இந்த முறை சிரிப்பு நிற்க நெடுநேரம் ஆனது. மேடையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே பேசின? ஆமா, அந்த உறுப்புரைய எப்ப எழுதினாங்க?"

"நாம பொறக்கறதுக்கு முன்னாடியே."

அக்கா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்ப நான் எட்டுல நின்னப்பவும் அது இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"யாருமே சொல்லலையே தம்பி."

திருத்தம் கட்டாயம் வேண்டும் என்று அதன்பின் எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். ஆனால் வீட்டில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அக்காவின் மகள் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். போன மாதம் அப்புத்தளையிலிருந்து எனக்குப் பெண் கொடுக்க, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தவர்களிடம், தேநீரை நீட்டிக்கொண்டே அவள் என்னை அறிமுகப்படுத்தினாள்:

"இவர்தாங்க எங்க மாமா. சட்டமெல்லாம் தெரியும். அம்மா எத்தனாவது படிச்சாங்கன்னு மட்டும் கேட்டுராதீங்க."

வந்த பெண் உடனே கேட்டாள்.