புரட்டன் வீசிய வலை

செய்தி பார்க்கப் போய், செய்தி தொடங்கியதும் எழும்பி வந்துவிடுகிற மனிதன் இந்த உலகத்தில் ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவனையும் கொண்டுவந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விடுதியில் என் அறையிலேயே போட்டார்கள்.

அது யுத்தகாலம். எந்த றோட்டுத் திறந்திருக்கிறது, எங்கே ஊரடங்கு என்று தெரிந்துகொள்ள ஊரே பொழுதுபடத் தேத்தண்ணிக் கடையில் கூடும். கார் பற்றரியில் ஓடும் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று அங்கே இருந்தது. என் அறைத் தோழன் எல்லோருக்கும் முந்திப் போய் முன்வாங்கைப் பிடித்துவிடுவான். திரையில் பூமி உருண்டை சுற்றிக்கொண்டு வரும். எழுத்துகள் நாலு மூலையிலிருந்தும் பறந்து வந்து ஒன்றாகச் சேரும். அதைக் கண் வெட்டாமல் பார்ப்பான். பிறகு வணக்கம் சொல்ல ஒருவர் வாயைத் திறக்கும்போது, சரியாக எல்லோருக்கும் மறைத்துக்கொண்டு எழும்புவான்.

“டேய், இரிடா! செய்தி துவங்குது!”

“துவங்கினா நமக்கென்ன? இனி அசையாது. ஒரு ஆள் இரிந்து வாசிப்பார், அவ்வளவுதான்.”

விளம்பரம் என்றால் இருப்பான். சவர்க்காரத் தூள் விளம்பரத்தில் ஒரு தண்ணீர்த் துளிக்குக் கை கால் முளைத்து ஓடும். அந்தத் துளியை அவன் மதித்த அளவுக்கு எங்கள் விரிவுரையாளர்களில் ஒருவரைக்கூட மதித்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் போடும் ஐந்து நிமிடப் பொம்மைப் படங்களுக்காகச் சோதனைப் பாடம் ஒன்றையே விட்டவன். “அந்த எழுத்து நேர வந்து நிக்கல்ல மச்சான். கொஞ்சம் கூடப் போய், வெக்கப்பட்டுப் பின்னால வந்து, பிறகுதான் நிக்குது. புது மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வாற மாதிரி. பாத்தியா?” என்பான். நான் பார்த்ததில்லை. எனக்கு எழுத்து என்றால் வாசிப்பதற்கு என்ற பழைய எண்ணம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து அவன் செய்தது புத்தக மூலைகளில் படம் கீறுவது. ஒவ்வொரு தாளிலும் ஒரு படம், முந்தினதிலிருந்து ஒரு நெல்லளவு மாறி இருக்கும். கட்டைவிரலால் தாள்களை விசிறிவிட்டால் படம் அசையும். இந்தக் கலைக்கு அவன் வைத்த பெயர் ‘புரட்டு’. தாளைப் புரட்டுவதால் புரட்டு. ஆனால் தமிழில் புரட்டு என்றால் பொய் என்றும் அர்த்தம் இருப்பதை அவன் யோசிக்கவில்லை. விடுதி யோசித்தது. அன்றிலிருந்து அவன் புரட்டன்.

அசைவைப் படிக்க அவனுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தும்மிய விடுதிப் பொறுப்பாளரிடம் போய், “சேர், இன்னொருக்கா தும்முவீங்களா? மெதுவா,” என்று கேட்டிருக்கிறான். ஒரு நாள் ஷெல் விழுந்து நாங்கள் பதுங்கு குழிக்கு ஓடினோம். எல்லோருக்கும் கடைசியாக ஆறுதலாக வந்து இறங்கிய புரட்டன் என் காதில் சொன்னான்: “நீ ஓடக்குள்ள ரெண்டு காலும் நிலத்தில படல்ல மச்சான். நல்லா இரிந்திச்சு. அடங்கினாப் பிறகு திரும்ப ஒருக்கா ஓடுவியா?”

அவனுடைய பெரிய படம் வீச்சுவலை. நாள்கணக்காக வாவிக்கரையில் குந்தியிருந்து, தோணியில் நிற்பவர் வலை வீசுவதைப் பார்த்தான். “மனே, நீ பாக்கிற பார்வைக்கு மீன் வெக்கப்பட்டு ஓடுது. வீட்ட போ,” என்று அந்த மனிதர் கும்பிட்டும் பார்த்தார். படத்தைக் கீறுவதற்குத் தடித்த புத்தகம் வேண்டும். விடுதியிலேயே தடித்தது என்னுடைய பொருளியல் புத்தகம். யாரும் திறக்காததால் தாளும் புதிதாக இருந்தது.

புளியந்தீவில் கலியாண வீடியோ எடுக்கும் ஒருவர், “அசையிற மாதிரி ஏதும் செய்து கொண்டு வா, வேலை தாறன்,” என்று அவனுக்குச் சொல்லியிருந்தார். புரட்டனுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு வேலைதான். ஒரு சனிக்கிழமை காலை, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளிக்கிட்டான். புத்தகத்தின் முதல் தாளில் என் பெயர் இருந்ததால் நானும் கூடப் போனேன்.

வழியில் சென்றிப் பொயின்ற், இராணுவச் சோதனைச் சாவடி. பஸ்ஸில் இருந்த எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஒரு சிப்பாய் புத்தகத்தை நடுவில் திறந்தார். மூலையில் ஒரு மனிதன், கையில் உருண்டையாக ஏதோ ஒன்றோடு கையை ஓங்கிக்கொண்டு நின்றான். சில தாள் தள்ளி, அந்த உருண்டை ஆகாயத்தில் போனது. இன்னும் சில தாள் தள்ளி, நாலாபக்கமும் கோடு பறக்க வட்டமாக வெடித்தது.

வலை விரிவதைத் தனித்தனித் தாளாகப் பார்த்தால் அது வேறொன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிப்பாய்க்கு முன்னமே உறைத்துவிட்டது. அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். நாங்கள் பொருளியல் படிக்கிற மாதிரியேதான்: மெதுவாக, விளங்காமல், வரவரப் பயத்தோடு.

“இது என்ன?” தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் கேட்டார்.

‘வலை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. கலைஞன் சொல்வானா?

“இது புரட்டு, சேர்.”

தமிழ் தெரிந்தவருக்கு அந்தச் சொல்லும் தெரிந்திருந்தது, ஒரு அர்த்தம் மட்டும். அதிகாரியிடம் திரும்பி, “பொறு,” என்றார். சிங்களத்தில் அப்படிச் சொன்னால் பொய் என்று அர்த்தம். தாளைப் புரட்டிக் காட்டக் கையைத் தூக்கிய புரட்டனுக்குச் சிங்களம் தெரியாது. பொறுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, தூக்கிய கையோடு அப்படியே பொறுத்தான்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். கை ஓங்கிய மனிதன். நிமிர்ந்து புரட்டனைப் பார்த்தார். அதே கை, அதே ஓங்கல். சிப்பாய்களின் துவக்குகள் எங்களை நோக்கி எழும்பின.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பயந்தது ஒரு அசைவுக்கு. இராணுவத்துக்கு ஆள் காட்டும், முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால், பிறகு உங்களை ஒருவரும் காணமாட்டார்கள். அன்று தலையாட்டி இல்லாத குறையை என் முழங்கால்கள் ஆடித் தீர்த்தன. புரட்டன் கண்ணை மட்டும் சரித்து அவற்றைப் பார்த்தான். அந்த நேரத்திலும் படிக்கிறான்!

வரிசையில் நின்ற மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை நிலத்தில் வைத்துவிட்டு முன்னே வந்தாள். “தெல மாத்தயா, தெல! வலை!” என்று இரண்டு பாஷையிலும் கத்தினாள். “இந்தப் பொடியன்தான் வாவிக்கரையில குந்தியிரிந்து எங்கட ஆக்களுக்கு மீன்படாமப் பண்ணினவன். இவன் குண்டு எறியிறதோ? இவன் கல்லெறிஞ்சா மாங்காய்கூட விழாது!”

யாரையும் கேட்காமல் புத்தகத்தை வாங்கி, செதில் ஒட்டிய பெருவிரலால் பின்னாலிருந்து முன்னுக்கு விசிறினாள். தண்ணீருக்குள் கிடந்த வலை எழும்பியது, ஆகாயத்தில் சுருங்கியது, மனிதன் கைக்குள் திரும்பிப் போய் அடங்கியது.

அதிகாரியின் வாய் திறந்தது. “ஆயெத்,” என்றார். திரும்ப ஒருக்கா என்று அர்த்தம். அடுத்த முறை தானே விசிறினார், சரியான பக்கமாக. வலை பூவாக விரிந்து விழுந்தது. சிப்பாய்கள் கூடினார்கள். எங்கள் பின்னால் இரண்டு பஸ்கள் வந்து நின்று ஹோர்ன் அடித்தன. அதிகாரி விசிறிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து, “மாளு கோ?” என்றார்.

“மீன் எங்கயாம்,” என்றாள் மீன்காரி.

“இன்னும் கீறல்ல,” என்றான் புரட்டன், ஓங்கிய கையை அப்போதுதான் இறக்கி. “வலைக்குள்ள என்ன வாறதெண்டு யோசிக்கிறன், சேர்.”

அந்த யோசனை அன்று முடியவில்லை. ஆனால் அந்தச் சென்றியைக் கடந்த எங்கள் கம்பஸ் ஆட்கள் எல்லோரிடமும் அதிகாரி, இடம் மாறிப் போகும்வரை, “மாளு கோ?” என்று கேட்டார். சிங்களத்தில் ஒரு வசனம் எங்கள் விடுதி முழுவதும் பாடமானது அப்படித்தான்.

வீடியோக்காரர் புத்தகத்தை முதலில் மோந்து பார்த்தார், பிறகு விசிறிப் பார்த்தார், வேலை கொடுத்தார். புரட்டன் கம்ப்யூட்டரில் கலியாண வீடியோக்களுக்குப் பெயர் அசைத்தான். அவன் வழக்கப்படி பெண்ணின் பெயர் ஓடிவந்து, கொஞ்சம் பின்வாங்கி, பிறகு நின்றது. “மருமகள் தாலி கட்ட முன்னமே பின்வாங்கிறா, அபசகுனம்!” என்று ஒரு மாமியார் கடைவாசலில் நின்று சத்தம் போட்டார். “அவ வெக்கப்படுறா, மாமி,” என்று சொல்லி அனுப்பினானாம்.

என் கலியாண வீடியோவையும் அவன்தான் செய்தான். கொஞ்சக் காலத்தில் வெளிநாடு போனான். இப்போது எந்தக் குளிர்நாட்டில் எதை அசைத்துக்கொண்டிருக்கிறானோ, தெரியாது.

மனைவி வருடத்துக்கு ஒருமுறை அந்த வீடியோவைப் போடுவாள். மூன்று மணித்தியாலம். தொடக்கத்தில் வாவி, தோணி, கை ஓங்கிய மனிதன். வலை விரிந்து விழும். மெதுவாக மேலே வரும். உள்ளே இரண்டு மீன் துள்ளும். ஒன்று சேலை கட்டியிருக்கும். மற்றது மூக்குக்கண்ணாடி போட்டு, முழங்கால் நடுங்கிக்கொண்டிருக்கும். மீனுக்கு முழங்கால் ஏது என்று கேட்கக்கூடாது. அதிகாரிக்குத்தான் காட்டக் கிடைக்கவில்லை.

பிறகு நாதஸ்வரம் தொடங்கும். நான் எழும்பிவிடுவேன்.

“இப்பதானே துவங்குது, எங்க போறீங்க? உங்கட கலியாணம்தானே இது?”

“இனி அசையாது,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடி துடைக்கத் துணி தேடிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.