பல் டாக்டர் வீட்டில் பத்தாவது நாள்

பத்தாவது நாள் காலை, படுக்கையில் கிடந்தபடியே நூலகர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது தன் மனைவி அந்தப் பல் டாக்டரைப் புகழக் கூடாது. அதற்கு வாய்ப்பே கொடுக்கக் கூடாது.

பல் டாக்டரிடம் அவர் கண்ட ஒரே குறை, குறையே இல்லை என்பதுதான். மனைவியின் பள்ளித் தோழியைக் கட்டியவர். கடல் தாண்டி வந்து இறங்கிய இவர்களைப் பத்து நாளாக உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். தன் படுக்கையறையைக் கொடுத்துவிட்டுக் கூடத்து சோபாவில் காலை மடக்கிப் படுக்கிறார். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறார். திரும்பி வந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், விருந்தாளிகளின் துணிக்கும் சேர்த்து இஸ்திரி போடுகிறார். ஒரு மனிதன் இத்தனை நல்லவனாக இருந்தால் பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன?

"வெங்காயத்தை எவ்வளவு ஒரே அளவா நறுக்கறார் பாருங்க!" என்று முதல் நாளே ஆரம்பித்தாள் மனைவி.

"பல்லையே பிடுங்கறவர். வெங்காயம் என்ன பெரிசு?"

"நீங்களும்தான் நூலகர். வீட்டுல ஒரு புத்தகத்தையாவது எடுத்த இடத்துல வெச்சதுண்டா?"

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் பல் டாக்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க? வயித்தெரிச்சலா?"

நூலகர் உண்மையைச் சொன்னார். "ஆமாம்."

உடனே இரண்டு மாத்திரையும் ஒரு தம்ளர் வெந்நீரும் வந்தன. அதற்கும் மனைவி புகழ்ந்தாள்.

இன்று மாலை விமானம். அதற்குள் நால்வரும் ஆற்றில் படகு சவாரி போவதாக ஏற்பாடு. துடுப்பு போடப் போவது யார் என்று கேட்கவே வேண்டாம். பல் டாக்டர் துடுப்பு போட, மனைவி வாயைப் பிளந்து பார்க்கும் காட்சி நூலகரின் கண்ணில் ஓடியது.

"ஏங்க, எழுந்திருங்க. படகுக்கு நேரமாச்சு."

"ஆ! அம்மா! இடுப்பு பிடிச்சுக்கிச்சு!"

கணக்கு சுலபமானது. தோழியும் கணவரும் படகுக்குப் போவார்கள். மனைவி துணைக்கு இருப்பாள். கார் தெருமுனை திரும்பியதும் இடுப்பு விட்டுவிடும். இரண்டு பேரும் கை கோத்து நடப்பார்கள். கடைத்தெருவில் ஒரு நீலச் சால்வையை அவள் மூன்று தடவை நின்று பார்த்ததை அவர் கவனித்திருந்தார். அதை வாங்கித் தோளில் போட்டால் இன்றைய புகழ் முழுக்க அவருக்கே.

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிடிச்சது இடுப்புடி."

"தெரியுது. இருங்க, வரேன்."

வெளியே கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. திரும்பி வந்தவள் காலில் செருப்பு இருந்தது.

"நானும் அவளும் மட்டும் போயிட்டு வந்துடறோம். இருபத்திரண்டு வருஷம் கழிச்சுப் பாத்திருக்கோம். பேசறதுக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கு."

"அப்ப என்னை யாரு..."

வாசற்படியில் வெந்நீர்ப் பையோடு நின்றார் பல் டாக்டர். சிரிப்பில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

அன்று நூலகர் பட்டதை யாரும் படக் கூடாது. குப்புறப் போட்டு ஒத்தடம். மல்லாத்திப் போட்டு ஸ்பூனால் சூப். "அசையாதீங்க சார், நான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே அவர் பெட்டியையும் அடுக்கி முடித்தார் அந்த மனிதர். காலுறைகளைக்கூட ஜோடி பார்த்து உருட்டி வைத்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க," என்றார் நூலகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கு உங்க மேல தாங்க முடியாத பொறாமை."

நூலகர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். உடனே ஞாபகம் வந்து, "ஆ!" என்றபடி சரிந்தார்.

"என் மேலயா? ஏன்?"

"போன வருஷம் வரைக்கும் எனக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது சார். ராஜா மாதிரி இருந்தேன். ஆனா உங்க வீட்டம்மா போன் பண்ணும்போதெல்லாம் உங்க புராணம்தான். நீங்க சமைப்பீங்களாம், வீடு பெருக்குவீங்களாம், உங்க இஸ்திரியைப் பாத்துக் கடைக்காரனே வெக்கப்படுவானாம். 'அந்த மனுஷனைப் பாருங்க'ன்னு என் வீட்டுல தினம் ஒரு குத்து. கடைசியில வெறி வந்து எல்லாத்தையும் கத்துக்கிட்டேன்."

நூலகருக்குத் தலை சுற்றியது. அவர் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குச் சந்தேகம்.

"இங்க நான் ஒரு வேலையும் செய்யலியே?"

"வந்த இடத்துலயாவது மனுஷன் ஓய்வெடுக்கட்டும்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரே நொடியில் நிம்மதி. ஆனால் பத்து நாளாகத் தன் வயிற்றை எரித்த ஆள், தன்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறான்! அந்தக் குளிர்ச்சியை எந்த மாத்திரை தரும்?

"அதெல்லாம் பழக்கந்தான்," என்றார் நூலகர், கூரையைப் பார்த்தபடி. "பதினெட்டு வருஷமா செய்யறேன். பெரிசா சொல்லிக்கறதில்ல."

"எனக்கு இந்தச் சட்டைக் காலர் மட்டும் வரவே மாட்டேங்குது, குருவே. ஒரு தடவை காட்டிக் கொடுங்களேன்."

குருவே! இடுப்பு அந்த நொடியே குணமாயிற்று. நூலகர் எழுந்து, தான் மாலையில் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையை விரித்து, இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். "காலரை அவசரப்படுத்தக் கூடாது. சூட்டை அதுவா குடிக்க விடணும்," என்று விளக்கினார். காலர் குடித்தது. முதலில் பழுப்பானது. அப்புறம் புகைந்தது.

"இது புது முறையா இருக்கே," என்றார் பல் டாக்டர் பக்தியோடு.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். நூலகர் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கருகிய காலருமாக நின்றார். மானம் கப்பலேறும் நேரம். மனைவி ஒரு பார்வையில் எல்லாவற்றையும் அளந்தாள்.

"இடுப்பு வலியோட இஸ்திரியா? உங்களால ஒரு நாள் சும்மா இருக்க முடியாதே!" என்றாள் அன்பாக. தோழியிடம் திரும்பினாள். "வீட்டுப் பெட்டியில போட்டுப் பழகின கைடி. வேற பெட்டி அவருக்குச் சரிப்படாது."

நூலகருக்குக் கண் கலங்கியது. பதினெட்டு வருஷத்தில் அவள் இப்படிக் காப்பாற்றியதில்லை.

விமான நிலையத்தில் பல் டாக்டர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் விட்டார். "அடுத்த மாசம் பாக்கலாம், குருவே!"

இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நூலகர் கேட்டார், "அடுத்த மாசம் என்ன?"

"ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. பத்து நாள். இன்னிக்குப் படகுல அவளும் நானும் பேசி முடிச்சாச்சு."

"எதுக்கு?"

"அவ வீட்டுக்காரரை மாத்தறதுக்கு நான் உங்களைப் பத்தி ஒரு வருஷம் பொய் சொன்னேன். பதிலுக்கு அவ எனக்கு ஏதாவது செய்யணுமில்ல?"

நூலகர் மாட்டிய பெல்ட்டைக் கழற்றப் பார்த்தார்.

"உங்ககிட்ட நேர்ல கத்துக்கணும்னு அவர் நோட்டு வாங்கி வெச்சிருக்கார். முப்பது நாள் இருக்குங்க," என்றாள் மனைவி, அவர் தோளில் சாய்ந்துகொண்டு. "நாளைக்கு வெந்நீர் வைக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க."