மேசைக்குள் தெரிந்த மாப்பிள்ளை

எந்த வேலையையும் போதும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. அதற்கு மேலும் கொஞ்சம் போவேன். போன இடத்தில் வழுக்கி விழுவேன்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், கப்பில் போட்டோ அச்சடித்துத் தரும் கடை வைத்திருக்கிறேன். (முதலில் போர்டில் 'மக் பிரிண்டிங்' என்றுதான் எழுதியிருந்தேன். குளிக்கிற மக் என்று நினைத்து, வாளியும் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்ததால் மாற்றிவிட்டேன்.) அச்சடித்து முடித்த பிறகு, "என் மூக்கு இன்னாத்துக்கு கைப்பிடி பக்கம் போச்சு?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அதனால் கப் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் மாதிரிப் படம் செய்து வாட்ஸப்பில் அனுப்புவேன். அவர்கள் சரி என்றால்தான் அச்சு.

மற்றவர்கள் வெள்ளைக் கப்பின் மேல் போட்டோவை ஒட்டி அனுப்புவதோடு சரி. நான் விடுவேனா? என் கப்பில் ஆவி பறக்கும். பின்னால் ஜன்னல் வழியாக ராஜகிரி மலை மங்கலாகத் தெரியும். கப் நிற்கிற கண்ணாடி மேசையில் அதன் பிம்பம் தலைகீழாக விழும். அந்தப் பிம்பத்தை நிஜம் போலக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோதித்துப் பார்க்க, மாப்பிள்ளை படம் வரவேண்டிய இடத்தில் என் போட்டோவையே போட்டுக்கொண்டேன். (கைவசம் வேறு போட்டோ இல்லை என்று சொல்லலாம். மஞ்சள் சட்டையில் அது நன்றாக விழுந்திருந்தது என்பதுதான் உண்மை.)

அந்தச் சமயத்தில்தான் சேகர் என்பவர் வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்களுக்குப் பெண், மாப்பிள்ளை படம் போட்ட கப் கொடுக்க ஆசைப்பட்டார். இரண்டு போட்டோவையும் பொருத்தி, நடுவில் ஓர் இதயமும் வைத்து அனுப்பினேன். மனிதர் மகிழ்ந்துபோய், வல்லத்தில் இருந்த சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

கப்பில் படத்தை மாற்றினால் கீழே பிம்பமும் தானாக மாற வேண்டும். பெண் மாறிவிட்டாள். மாப்பிள்ளை மாறவில்லை. மேலே கப்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். கீழே மேசைக்குள், அதே பெண்ணுக்குப் பக்கத்தில், மஞ்சள் சட்டையில் நான் வவ்வால் மாதிரித் தொங்கிக்கொண்டு சிரித்தேன். நடுவில் இதயம்.

நான் இதைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா செல்போனைத் தலைகீழாகத் திருப்பி, பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மதியம் சேகரும் அந்த அம்மாவும் கடை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள். என்னைப் பெற்ற அம்மாவும் உள்ளே இருந்தார். (கடையில் ஏசி போட்டது கம்ப்யூட்டருக்காக. அம்மா தனக்காக என்று நம்புகிறார்.)

"தம்பி, என் பொண்ண உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் சேகர்.

அவர் நீட்டிய செல்போனில், மேசைக்குள் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பெண் அழுதுகொண்டிருக்கிறாளாம். இவன் யாரென்றே தெரியாது என்கிறாளாம். அதை நம்புவதா, நிச்சயத்தையே நிறுத்துவதா என்று வல்லத்தில் பேச்சு ஓடுகிறதாம்.

பிம்பம், லேயர், லிங்க் என்று என்னென்னவோ உளறினேன். பேசப் பேச, எதையோ மறைக்கிறவன் போல எனக்கே பட்டது. கடைசியில், அதே நாளில் வேறொருவருக்கு அனுப்பிய படத்தைத் திறந்து காட்டினேன். அறுபதாம் கல்யாணத் தம்பதிக்குச் செய்தது. அங்கேயும் மேசைக்குள், அந்த வயதான அம்மாளின் பக்கத்தில், தலைகீழாக நான். அவர்கள் வீட்டில் யாரும் பெரிதாக்கிப் பார்க்காதது என் நல்ல காலம்.

மாப்பிள்ளையின் அம்மா திரையைப் பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"வுடுங்க சம்பந்தி," என்றார். "இந்த மூஞ்சிக்காக எந்தப் பொண்ணும் கல்யாணத்த நிறுத்தாது."

அப்படி ஓர் அவமானம் அத்தனை இனிப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தம்மா காலில் விழலாம் போல இருந்தது. சேகர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்த என் அம்மா எழுந்தார்.

"ஏன், என் புள்ள மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்? எந்தப் பொண்ணா இருந்தாலும் இவன ஆசப்படத்தான் செய்யும்."

குடித்த தண்ணீர் சேகருக்குப் புரையேறியது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அசிங்கமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், கொஞ்சம் சும்மா இரு என்று கெஞ்சினேன். அம்மா கேட்பதாக இல்லை. குழந்தையில் எனக்கு எவ்வளவு பெரிய திருஷ்டிப் பொட்டு வைக்க வேண்டியிருந்தது என்று விவரித்தார். விட்டால் குற்றத்தை நிரூபித்துவிட்டுத்தான் ஓய்வார் என்று பட்டது.

நல்லவேளை, மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகனைத்தான் பெற்றிருக்கிறீர்கள் என்று பொய்யாக ஒத்துக்கொண்டு, அங்கிருந்தே வல்லத்துக்குப் போன் போட்டார். மருமகளிடமும் பேசி, அழாமல் சாப்பிடச் சொன்னார். சேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கப் எல்லாம் சொன்னபடியே வேண்டும், மேசை மட்டும் வேண்டாம் என்றார். நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. கப்களைக் கொண்டுபோன என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெண் படாத பாடு பட்டாள்.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், அம்மா இந்தக் கதையை என் நன்னடத்தைச் சான்றிதழாகவே நீட்டினார். பையன் தப்பே பண்ணவில்லை என்று வெளியாளே அடித்துச் சொன்னதாகப் பெருமைப்பட்டார். எதை வைத்துச் சொன்னார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா பேச்சை மாற்றினார். நான்தான் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, சம்மதம் என்றாள்.

இன்றும் நான் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் என் மனைவி சொல்வது இதுதான்: "நல்லா சீவிக்கினே போங்க. வல்லத்தம்மா சொன்னதுக்கப்புறம் எனக்கு இன்னா பயம்?"