மாமனார் நெஞ்சில் ரவை

மாமனாராகப் போகிறவரிடம் நல்ல பெயர் எடுக்கத் துடிப்பவனை எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் விடக் கூடாது. என்னை விட்டார்கள். அதுவும் சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் பக்கத்தில்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன். குறைந்த கதிர்வீச்சில் ஸ்கேன் எடுப்பது பற்றிச் சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்கு அப்போதுதான் போய் வந்திருந்தேன். கதிரைக் குறைத்தால் நோயாளிக்கு நல்லது, ஆனால் ரொம்பக் குறைத்தால் படம் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். (இரண்டாம் பாதியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தினார்கள்.)

ஆரம்பாக்கத்தில் எனக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு இரும்புக் கம்பி மில்லில் வேலை. கல்யாணப் பத்திரிகை அடித்து முடித்த நேரம் பார்த்து அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவும் அத்தையும் நேரே என்னிடம் வந்தார்கள்.

நெஞ்சு ஸ்கேனுக்கு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். மாமா தூக்கவில்லை.

"மாப்ள எதிர்ல போலீஸ்ல மாட்டினவன் மாதிரி கையத் தூக்கினு படுக்கறதா? நல்லாவா இருக்கும்?"

"வேணாம் மாமா, கைய அப்டியே வெச்சுக்குங்க" என்றேன். மரியாதையாம்.

அடுத்து கதிரின் அளவு. மாமாவுக்குக் கனத்த சரீரம். அவர் படுத்தால் கீழே மேசை தெரியாது. அவருக்குப் போய்க் குழந்தைகளுக்கு வைக்கிற அளவை வைத்தேன். பாசமாம்.

திரையில் படம் வந்தது. இரண்டு நுரையீரலிலும் ரவையை அள்ளித் தூவியதுபோல் புள்ளிகள். குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள். இத்தனை வருடம் மில்லில் குடித்த புகையும் தூசும் மொத்தமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். (படத்தைப் படிக்க வேண்டியவர் டாக்டர். பட்டனை அமுக்க வேண்டியவன் நான். அந்த நேரத்தில் அது எங்கே ஞாபகம் வருகிறது?)

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன் என்று நினைப்பு.

"இன்னா மாப்ள, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தை அப்படியே பெஞ்சில் சரிந்தார்.

"கல்யாணத்தத் தள்ளி வெச்சுடலாம். மொதல்ல இவர மெட்ராஸ் கூட்டினு போலாம்."

மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு இன்னா ஆனாலும் ஆவட்டும். குறிச்ச நாள்ல என் பொண்ணு கழுத்துல தாலி ஏறணும். அத நான் பாக்கணும்."

படம் படிக்கும் டாக்டர் பொன்னேரியிலிருந்து வருவதற்குள் அத்தை பெரியபாளையத்தம்மனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை. வந்த டாக்டர் நுரையீரலைப் பார்க்கவேயில்லை. திரையின் ஓரத்தில் இருந்த எண்களைத்தான் பார்த்தார்.

"இது யாருக்கு எடுத்ததுப்பா, பச்சக் குழந்தைக்கா?"

"இல்ல சார். மாமனாருக்கு."

கதவு வழியாக மாமாவை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ பெரிய ஆளுக்கு இவ்ளோண்டு கதிர் வெச்சா புள்ளிதான் வரும். கையக் கீழ வெச்சா கோடுதான் விழும். இதுல அவரோட நோய் எங்க தெரியுது? உன் லட்சணம்தான் தெரியுது. மறுபடி எடு."

இந்த முறை மாமா தானாகவே கையைத் தூக்கினார். நானும் பெரியவர்களுக்கான அளவை வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. நிழல் என்றது எப்போதோ ஆறிப்போன பழைய தழும்பு. இருமல் வெறும் சளி, மாத்திரையில் போய்விடும் என்றார் டாக்டர். அப்பாடா என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்படியொரு நிம்மதி அதற்குப் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"கதிர மிச்சம் புடிக்கறேன்னு ஒண்ணுக்கு ரெண்டா குட்த்துட்டீங்களே மாப்ள" என்றார் மாமா. அத்தை அழுதுகொண்டே சிரித்தார்.

குறித்த நாளில் தாலி ஏறியது. மறுவீட்டு விருந்தில், "கொஞ்சமா வையுங்க அத்தை" என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"கொஞ்சமா வெச்சா ஒண்ணும் தெரியாது மாப்ள" என்று அத்தை இலையில் மறுபடி ஒரு கரண்டி கவிழ்த்தார். இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு அதே பதில், அதே கரண்டி. எதிரே உட்கார்ந்து மாமா சிரிப்பார், ஒரு இருமல்கூட இல்லாமல்.